மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும்

படி ஏறினால் எனக்கு முட்டி வலிக்கும், கண்ணு. சுகாதாரத் துறையிலிருந்து வந்திருக்கிறாய், யாரிடமிருந்து யாருக்கு ஒட்டியது என்று கேட்கிறாய். முட்டியிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

மகள் கீழே தையல் மிஷின் வைத்திருந்தாள். மகன் மாடியில் டிவி ரிப்பேர் பார்த்தான். இரண்டு பேருமே கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டார்கள். அக்கா தம்பிக்குள் பேச்சும் பல வருஷமாக இல்லை. எல்லாம் பின்பக்கத்துச் சாமான் அறையால் வந்த வினை. அங்கே எலி பெருகிவிட்டது.

"அவன் ஓட்டை டிவியாலதான் வருது, அவனையே பெருக்கச் சொல்லு" என்பாள் இவள். படியேறிப் போய்ச் சொல்வேன்.

"மகாராணி போட்ட கந்தலை நான் அள்ளணுமா? கேட்டுட்டு வா" என்பான் அவன். இறங்கி வந்து கேட்பேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற சேதிகூட என் கால் வழியாகத்தான் போகும்.

ஒருநாள் அலுத்துப்போய் நானே துடைப்பத்தை எடுத்தேன். டிவிப் பெட்டிக்குள் தையல் கந்தலை இழுத்துப்போட்டு எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. இருவர் பொருளையும் அந்த வீட்டில் ஒன்றாகச் சேர்த்தது எலி மட்டும்தான். ஜன்னலைக்கூடத் திறக்காமல், காய்ந்த புழுக்கையை அப்படியே பெருக்கித் தள்ளினேன். தூசி மூக்கில் ஏறியது.

சில வாரம் கழித்துக் காய்ச்சல். உடம்பை முறித்துப் போட்டது. டாக்டரம்மா ரத்தம் எடுத்துக்கொண்டு பொறுமையாகத்தான் சொன்னார். ஹான்டா வைரஸாக இருக்கலாமாம். எலியின் புழுக்கையும் மூத்திரமும் காய்ந்து, தூசியோடு மூச்சில் போனால் வருமாம். மருந்து தெளித்து, நனைத்துத் துடைத்திருக்க வேண்டுமாம். பெரும்பாலும் அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவாது, ஒரே ஒரு வகைதான் தாவும், இது அந்த வகையாக இருக்குமோ என்று சந்தேகம் என்றார்.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் தனி ரூம்ல இருங்கம்மா. யார்கிட்டயும் நெருங்காதீங்க, எச்சில் பட்டதைக் குடுக்காதீங்க. உயிருக்கே ஆபத்து."

வீட்டில் வெறும் சளி என்று சொன்னேன்.

சின்ன வயதில் இரண்டுக்கும் ஒன்றாக அம்மை போட்டது. சொறியக் கூடாதென்று ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி ஒரே பாயில் கிடந்தார்கள். அது ஞாபகம் வந்துவிட்டது, கண்ணு.

டீயில் சர்க்கரை சரியா என்று ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அதே தம்ளரை மகளிடம் கொடுத்தேன். மாடிக்கும் அப்படியே கொண்டுபோனேன். அவள் தைத்துக்கொண்டிருந்தபோது தோளில் முகம் வைத்து இருமினேன்.

"என்னம்மா, திடீர்னு கொஞ்சல்?" என்று சிரித்தாள்.

எனக்குக் காய்ச்சல் தணிந்துவிட்டது. அவர்கள் அடுத்தடுத்து விழுந்தார்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். உள்ளே பேசியதை நர்ஸ் வந்து சொன்னாள். "அக்கா, மூச்சு விட முடியுதா?" என்று கேட்டானாம். "உன் மூச்சை முதல்ல பாருடா, மூதேவி" என்றாளாம். என்னைத் தூது விடாமல் பேசியிருக்கிறார்கள். நிம்மதியில் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் முதலில் போனாள். அவனும் தாமதிக்கவில்லை.

டாக்டரம்மா சொன்னதை மறந்துவிட்டாயா என்கிறாய். மறக்கவில்லை. தெரிந்துதான் கொடுத்தேன், அப்படியே எழுதிக்கொள். கடைசியில் இரண்டும் பேசிக்கொண்டன என்பதையும் எழுது, அதை விட்டுவிடாதே.

இப்போது வீட்டில் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. முட்டி வலியும் பரவாயில்லை.