மாப்பிள்ளைக்கு ஒரு பேனர்

– துணியை இறுக்கிப் பிடிங்க டிரைவரண்ணே. ‘வெளியே’ எழுதி, அது காஞ்சும் போச்சு. இனி ‘போ’ மட்டும்தான் பாக்கி.

– யோவ் பெயிண்டரே, இவ்வளவு பெருசா எழுதணுமா? பக்கத்து சீட்டுக்காரன் படிச்சாப் போதாதா?

– மைதானத்துக்கு அந்தப் பக்கம் நிக்கற கோச்சு படிக்க வேண்டாமா? ஒன்பது ஆட்டத்துல ஒண்ணுதான் ஜெயிச்சோம். அதுவும் எதிராளியே தன்னோட கோலுக்குள்ள அடிச்சுக்கிட்டான். போன வாரம் நீங்கதானே எனக்கு முன்னாடி எழுந்து நின்னு கத்தினீங்க?

– கத்தினேன். ‘போயா வெளியே’ன்னு பாதி கத்தினப்புறம்தான் அது என் மாப்பிள்ளைன்னு ஞாபகம் வந்துச்சு. உடனே பிரேக் போட்டேன்.

– எங்க போட்டீங்க? ‘போங்க மாப்பிள்ளை வெளியே’ன்னு மாத்திக் கத்தினீங்க. மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்துச்சு.

– பொண்ணு கொடுத்த இடம்யா. மரியாதை வேண்டாமா?

– பொண்ணை நீங்க கொடுத்தீங்க, சரி. நம்ம கிளப்பை அவர் கையில யார் கொடுக்கச் சொன்னா?

– மெதுவா பேசு. பொண்ணு உள்ள இருக்கா, காலையிலேயே வந்துட்டா. இந்த ஷெட்டுல பேசறது அடுப்படிக்குக் கேக்கும். நான் ஒண்ணு சொல்றேன், கேளு. கிளப்புல அவனை, அவரை, தூக்கிட்டா எங்க போவார்?

– வேற கிளப்புக்கு.

– இப்படித் தோத்தவரை எவன் கூப்பிடுவான்? இருக்கற வீடும் கிளப் கொடுத்தது. வேலை போனா வீடும் போகும். வண்டி நேரா எங்க திரும்பும், புரியுதா?

– இங்கயா? மாப்பிள்ளை வந்து தங்கினா பெருமைதானே?

– நீ பார்த்ததில்லை. அந்த வீட்டுக்கு வெள்ளையடிச்சப்ப பத்து நாள் இங்க இருந்தார். சாப்பிட உக்காந்தா உப்பு டப்பா, சொம்பு, கரண்டி எல்லாத்தையும் நகர்த்தி வச்சு, ஏன் தோத்தோம்னு விளக்குவார். சோத்துப் பானைதான் கோல்கீப்பர். அதை நகர்த்தக் கூடாது. நான் பசியோட முழு ஆட்டமும் பார்த்தேன்.

– அடப்பாவமே.

– விடிஞ்சா விசில். தூக்கத்துலயே என் கால் கிளட்சைத் தேடும். மூணாம் நாள் என்னை சோபாவை விட்டு எழுப்பிட்டார். ‘மாமா, நீங்க இங்க உக்காந்தா நடமாட்டம் தடைப்படுது’ன்னு ஃப்ரிட்ஜ் ஓரமா ஒரு ஸ்டூல் போட்டார். என் இடத்துல உங்க அண்ணியை இறக்கிட்டார்.

– மாத்து ஆளா? மைதானத்துல ஒரு நாளாவது நேரத்துக்கு ஆள் மாத்தியிருக்காரா மனுஷன்?

– அதான்யா என் வயித்தெரிச்சல்! அங்க மாத்த மாட்டேங்கறார், இங்க வந்து மாத்தறார்.

– அதுக்காக? நம்ம கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கிடும்ணே. என் பிரஷ் மேல சத்தியமா எனக்குத் தூக்கமே இல்லை.

– இறங்கட்டும். கிளப் இறங்கினா திரும்ப ஏறும். மாப்பிள்ளை ஏறினா இறங்க மாட்டார், புரியுதா? எனக்கு மிச்சம் இருக்கறது அந்த சோபா ஒண்ணுதான்யா.

– நீங்க அழுதுடாதீங்க. பெயிண்டு கரையும். என்ன எழுதணும், சொல்லித் தொலைங்க.

– அந்தச் சிவப்பு எழுத்து மேல வெள்ளையடி. ‘உங்களோடதான் இருப்போம்’னு எழுது.

– என் கையால இதை எழுதணும்னு இருக்கு பாருங்க. கிளப்னா உயிரை விடற எங்க அப்பா இப்ப இருந்திருந்தா என்னை வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டார்… ம், முடிஞ்சுது. ஈரமா இருக்கு, தொடாதீங்க.

– அப்பா! அட, ‘உங்களோடதான் இருப்போம்’! இது அவருக்கா?

– வா பாப்பா. மாப்பிள்ளைக்குத்தான், வேற யாருக்கு?

– நல்லவேளை. எப்படிச் சொல்றதுன்னு காலையிலேர்ந்து பயந்துக்கிட்டிருந்தேன். இப்பதான் எல்லாம் முடிவாயிடுச்சுன்னு அவர் போன் பண்ணினார்.

– ஐயோ, வேலை போச்சா?

– வாயைக் கழுவுங்கப்பா. இன்னும் மூணு வருஷத்துக்கு நீட்டிச்சிருக்காங்க.

– மூணு வருஷமா? ஐயய்யோ!

– பெயிண்டர் மாமா ஏன் தலையில கை வச்சுக்கிட்டார்?

– சந்தோஷத்துலம்மா. அப்பாடா! வண்டி மேட்டைத் தாண்டிருச்சு. பெயிண்டரே, கிளப்பைப் பத்திக் கவலைப்படாத, பழகிடும்.

– ஆனா கோல் அடிக்க வெளியூர்லேர்ந்து புதுசா ஒருத்தரை வாங்கியிருக்காங்களாம். எங்க வீட்டை அவருக்குக் கொடுத்துட்டாங்க.

– அப்ப நீங்க?

– இங்கதான்ப்பா, மூணு வருஷமும். பெட்டியெல்லாம் ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டார். டிவி இருக்கற சுவர்ல, ஆட்டத்தை வரைஞ்சு விளக்கற அவரோட போர்டை மாட்டிக்கலாமான்னு கேட்டார். அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார்னு சொல்லிட்டேன். இருங்க, அம்மாகிட்டயும் சொல்லிட்டு வர்றேன்.

– அண்ணே? டிரைவரண்ணே? மூச்சு விடுங்க.

– பெயிண்டரே.

– சொல்லுங்க.

– வெள்ளை காயறதுக்குள்ள தொடை. அடியில இருக்கற ‘வெளியே’ அப்படியே வேணும். ‘போ’வை நானே எழுதறேன், பெருசா.