பெசோ விழுந்தபோது எழுந்து நின்றவர்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, மறைந்த எதெல்வினா அம்மையாரின் தங்கை ரமோனா அவர்களே, ரொசாரியோ பணிமனையிலிருந்து வேலை உடையோடு வந்து நிற்கும் தோழர்களே, வணக்கம்.

அழத்தான் கூடியிருக்கிறோம். எனக்கு அழுகை வரவில்லை, வயிறு எரிகிறது!

ரயில்வே நிதிப் பிரிவின் தலைவர் எதெல்வினா சாமுதியோ அம்மையார் எப்படிப்பட்டவர்? கசப்பாகவே குடிக்க வேண்டிய மாத்தே தேநீரில் சர்க்கரை போட்டவனைக்கூட முறைத்துப் பார்ப்பவர். அவரா பொய்க்குக் கையெழுத்திடுவார்?

புதிய ரயில் பெட்டிகளுக்கான ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்த அன்று, ஓட்டுநர் சங்கத்தின் சார்பில் நானும் அந்த அறையில் இருந்தேன். பெட்டி விற்கும் நாட்டின் அரசு வங்கியே நமக்குக் கடனும் தருகிறது. அவர்கள் தொழிற்சாலைக்கு விற்பனை, அவர்கள் வங்கிக்கு வட்டி. அதுகூடத் தவறில்லை. ஆனால் தவணை கட்ட வேண்டியது டாலரில். நம் டிக்கெட் பணமோ நம் நாட்டுப் பெசோ!

"பெசோ விழுந்தா அந்தச் சுமை யார் தலையில?" என்று அம்மையார் கேட்டார்.

போக்குவரத்துத் துணை அமைச்சர் சிரித்தார். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது, தோன்யா எதெல்வினா? பெசோ மலை மாதிரி நிக்குது."

"மலையா? எங்கம்மா காலத்துலேர்ந்து அது உருண்டுக்கிட்டேதானே இருக்கு! ஒரு அளவுக்கு மேல விழுந்தா, வித்தவங்களும் நம்ம கஜானாவும் பாதிப் பாதி ஏத்துக்கணும். அதை ஒப்பந்தத்துல எழுதுங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

"வங்கிக்காரங்க கோவிச்சுக்குவாங்க."

"கோவிச்சுக்கட்டுமே! கடன் வாங்குறவன் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சட்டமா?"

அவர் கையெழுத்திடவில்லை. அடுத்த வாரமே அவரை வடகோடியில் இருக்கும் ஹுஹுய் நிலையத்தின் சாமான்கள் பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள். வேறொரு கை கையெழுத்திட்டது. பேண்டு வாத்தியம் முழங்கியது.

பெசோ விழுந்தது. தலைகுப்புற விழுந்தது! தவணை ஊதிப் பெருத்தது. டிக்கெட் விலையை ஏற்றினார்கள். வடக்கே போகும் ரயிலை நிறுத்தினார்கள். ஓட்டுநர் சம்பளத்தால்தான் நஷ்டம் என்று தொலைக்காட்சியில் கூவினார்கள். விசாரணைக் குழு முன் அதே துணை அமைச்சர் கூசாமல் சொன்னார்: "நிதிப் பிரிவு எங்களை எச்சரிக்கவே இல்லை."

அடப்பாவி!

அம்மையாருக்கு அப்போதே நுரையீரல் கெட்டிருந்தது. ரயில் இல்லாததால் ஹுஹுயிலிருந்து விசாரணைக்குப் பேருந்தில் வந்தார். மூச்சு வாங்க எழுந்து நின்று, "அன்னைக்கு அந்த ரூம்ல இருந்த அத்தனை பேரையும் கூப்பிடுங்க. நான் சொன்னேனா இல்லையான்னு அவங்களே சொல்லட்டும்," என்றார். கூப்பிட்டார்கள். சொன்னோம். அந்தத் துணை அமைச்சரைத் தவிர ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னோம்! நாணய வித்தியாசத்தைப் பயணிகள் தலையில் கட்டக்கூடாது, கஜானாவே ஏற்க வேண்டும் என்று தீர்ப்பானது. வடக்கு ரயில் மறுபடி ஓடியது.

ஆனால் அவருக்கு என்ன கிடைத்தது? பதவியைத் திருப்பிக் கொடுத்தார்களா? ஒரு மன்னிப்பாவது கேட்டார்களா? இறக்கும் வரை அதே சாமான்கள் பிரிவு!

போன மாதம் மருத்துவமனையில் என்னிடம் சொன்னார்: "பதவி போனாப் போகுது, உபால்தோ. அந்தாளு மூஞ்சில கொஞ்சம்கூட வெக்கம் வரலையே, அதான் மனசு ஆறல."

இன்று காலை அந்தத் துணை அமைச்சரிடமிருந்து மலர்வளையம் வந்தது, தோழர்களே! 'நேர்மையின் சிகரம்' என்று பட்டு நாடாவில் எழுதி! அதைத் தெருவில் வைத்துவிட்டேன். வந்த காரிலேயே திரும்பிப் போகட்டும்.

இப்போது ரயில் எஞ்சின்களுக்கு இன்னொரு ஒப்பந்தம். வேறு நாடு, வேறு வங்கி, அதே டாலர். திங்கட்கிழமை புவெனஸ் அய்ரெஸில் நாடாளுமன்றக் குழு கூடுகிறது. அம்மையார் தனியாளாக நின்ற இடத்தில் நாம் கூட்டமாக நிற்போம். இது உறுதி.

கை தட்டாதீர்கள். திங்கட்கிழமை புறப்படும் முதல் ரயிலுக்கு வந்துவிடுங்கள்.