கட்டும் முன்பே இடித்த அறை

எண்ணூர் பேருந்தில் என் முன் இருக்கையில் மடிக்கணினியோடு ஓர் இளம்பெண் இருந்தார். கட்டடப் பொறியாளர் போலும். பக்கத்தில் அவருடைய மேஸ்திரி.

“நேத்து ஜெனரேட்டர் ரூமை இடிச்சிட்டேண்ணே.”

மேஸ்திரி பதறினார். “இன்னாம்மா சொல்ற? ஆஸ்பத்திரிக்கு இன்னும் கடக்காலே தோண்டலியே!”

“கம்ப்யூட்டர்ல இருக்கிற கட்டடத்துலதான். மழைக்கு எவ்ளோ தண்ணி ஏறும்னு சைட்ல காட்டினீங்கல்ல, அந்த அளவைப் போட்டேன். கீழ்த்தளமே முழுகிடுச்சு. ரூமை முதல் மாடிக்குத் தூக்கிட்டேன். வயர், பைப் பாதையெல்லாம் மாத்தியாச்சு.”

“பெரிய இன்ஜினீயரு ஒத்துக்கினாரா?”

“தண்ணி நிக்கிற படத்தைப் பார்த்ததும் சரின்னுட்டார். இனிமே வெள்ளம் வந்தாலும் ஆபரேஷன் நிக்காது.”

மேஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

“அந்தப் படிக்கட்டு வளைவைக் காட்டும்மா. ஸ்ட்ரெச்சர் திரும்பாத மாரி கீது. இப்பவே அகலமாக்கிடலாம்.”