காவலுக்கு வந்த ஜப்பான் கப்பல்

1914-இல் சென்னையில் ஜெர்மன் கப்பல் குண்டு போட்ட அடுத்த மாதம், வள்ளியூரிலிருந்து கிளம்பிய மாட்டுவண்டியில் உவரி மீனவர் ஒருவர் சட்டிபானைகளோடும் பிள்ளைகளோடும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கருவாட்டு வியாபாரி.

"ஜெர்மன்காரன்னு நெனச்சி நாங்க பாத்துட்டு ஓடியாந்தது ஜப்பான் கப்பலாம், அண்ணாச்சி."

"யாரு சொன்னா?"

"எங்க பங்குச் சாமியாரு பேப்பர்ல படிச்சாராம். ஜப்பான்காரன் நம்ம வெள்ளைக்காரனுக்குச் சம்பந்தி மாதிரியாம். காவலுக்கு வந்திருக்கான்."

"அப்பம் பயமில்லன்னு சொல்லும் வே."

"பயமில்ல. நாளைக்கே கட்டுமரம் தள்ளிருவேன்."

வண்டி கொஞ்ச தூரம் போனது. மீனவர் மறுபடி பேசினார்.

"சம்பந்தி வாறாருன்னா ஒரு ஆள்கிட்ட சொல்லி விடப்படாதா, அண்ணாச்சி? அவரு கண்ணுல படக்கூடாதுன்னு அந்தோணியார் கோயில் விளக்கையும்லா அணைச்சிட்டு வந்தோம்."