லோரீன் பிடித்த பேப்பர்

— அக்கா, அந்தக் கரண்டிய வச்சுட்டு இப்படி வா. பத்து மணிக்கு இன்னும் ஆறே நிமிஷம்.

— நான் வந்துட்டா கல்லுல கிடக்குற பான்கேக்க யாரு திருப்புவா, உன் ஃபோனா? கடை நேரம் வெர்னன். எனக்கு வேலை இருக்கு.

— என்ன வேலை? கடைல இருக்குறது நான் ஒருத்தன். சனிக்கிழமை காலைல லோரீன் கடை காத்தாடி நான் பாத்ததே இல்ல. பெல்மோர் ஊரே வீட்ல உக்காந்து ஃபோனப் பாத்துக்கிட்டு இருக்கு. டியான்டே ப்ரேதர் அடுத்த வருஷம் எந்தக் காலேஜுக்கு பாஸ்கெட்பால் ஆடப்போறான்னு பத்து மணிக்குச் சொல்றான்.

— அந்தப் பேர இந்தக் கடைக்குள்ள எடுக்காதேன்னு சொல்லியிருக்கேன்ல.

— சரி, பேர் வேண்டாம். அந்தப் பையன்.

— எந்தப் பையனும் எனக்குத் தெரியாது. எங்கயோ போய் பந்தத் தட்டட்டும், எனக்கென்ன வந்துச்சு.

— நான் சொல்றேன் கேளு. நம்ம காலேஜ விட்டுட்டுப் போய்ச் சேந்தானே, அந்தப் பெரிய யுனிவர்சிட்டிய விட்டு வர்றான். நாலு காலேஜ் பேரு சொல்லியிருக்கான். கடலோரத்துல ரெண்டு, டெக்சாஸ்ல ஒண்ணு. நாலாவது நாம. நம்ம பெல்மோர் காலேஜ்.

— அது சும்மா ஒப்புக்குச் சேத்தது. சொந்த ஊர விட்டுட்டான்னு நாளைக்கு யாரும் பேசிடக்கூடாதுல்ல, அதுக்கு.

— ஒப்புக்குன்னாலும் எனக்கு நேத்து தூக்கம் வரல. இந்த வருஷம் எத்தனை மேட்ச் ஜெயிச்சோம்? ஆறு. முப்பது மேட்ச்ல ஆறு. கடைசி மேட்ச்ல நம்ம பக்கத்துல உக்காந்திருந்த பாதிரியாரே பாதியில எழுந்து போயிட்டாரு. டியான்டே... அந்தப் பையன் இருந்தப்ப அப்படியா இருந்துச்சு? நிக்க இடம் கிடைக்காது.

— இருந்தான், போனான். இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுமா, வாய மூடிக்கிட்டுக் குடிப்பியா?

— ஊத்து. ஆனா அந்தச் சுவத்துல வேற எதையாவது மாட்டு. அவன் படம் இருந்த இடம் மட்டும் பளிச்சுன்னு சதுரமா தெரியுது. பதினாலு மாசமாச்சு. சாப்பிட வர்றவன் எல்லாம் அதத்தான் பாக்குறான்.

— மாட்டுறேன். நல்ல காலண்டரா கிடைக்கட்டும்.

— நிஜமாவே அந்தப் படத்தத் தூக்கிப் போட்டுட்டியா?

— போட்டுட்டேன். மெனுல இருந்த "டியான்டே தட்டு"ம் போச்சு. இப்ப அது மூணாம் நம்பர் தட்டு. நீயே பேர எடுக்க வச்சுட்ட பாரு.

— ரெண்டு முட்டை, பான்கேக், பொரிச்ச பன்னி இறைச்சி. பேர மாத்துனியே தவிர ஒரு துண்டு குறைக்கல. பதினோரு வருஷம் அவனுக்குப் போட்டது அதானே. அவன் அம்மா ஒடெஸாவுக்கு ஆஸ்பத்திரில ராத்திரி ட்யூட்டி. காலைல ஆறு மணிக்குப் பின்கதவு வழியா வருவான், ஒன்பது வயசு. கடைசி ஸ்டூல்ல ஏறி உக்காந்தா கால் தரைக்கு எட்டாது.

— பதினோரு வருஷம் போட்டேன். அதத்தான் நானும் கேக்குறேன். கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன், ஷூவுக்குக் கயிறு கட்டிவிட்டேன். போறவன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணுமா, வேண்டாமா? ஊர்ல கடைசியா தெரிஞ்சுக்கிட்டது நான்தான். அதுவும் யாரோ ஒருத்தன் ஃபோன நீட்டி, இங்க பாருங்க மிஸ் லோரீன், உங்க பையன் காலேஜ் மாறுறானாம்ங்கறான். உங்க பையனாம். கல்லுல இருந்த ஆம்லெட் அப்படியே கருகிப்போச்சு. என் முப்பது வருஷத்துல நான் கருக்குன ஒரே ஆம்லெட்.

— அதுக்குத்தான் டிசம்பர்ல வட்டியோட திருப்பிக் கொடுத்துட்டியே.

— எது?

— எதுவா? அவன் அந்தப் பெரிய யுனிவர்சிட்டி சட்டையப் போட்டுக்கிட்டு நம்ம அரங்கத்துக்கு வந்தானே, அன்னைக்கு நீ பேப்பர் பிடிச்ச பிடி.

— எல்லாரும்தான் பிடிச்சாங்க. வெளியூர் டீம் பேரப் படிச்சா பேப்பரத் தூக்கி முகத்த மறைக்கிறது நம்ம வழக்கம். நீங்க யாரா இருந்தா எங்களுக்கென்ன, நாங்க பாட்டுக்குப் பேப்பர் படிக்கிறோம்னு. நான் பிறக்குறதுக்கு முன்னாடியே இருக்கு. இன்னைக்கு வந்த வழக்கமா?

— மத்தவங்களுக்குப் பிடிக்கிறது சரி. அவனுக்கு எனக்குக் கையே வரல. சத்தியமா. பாதி வரைக்கும் தூக்குனேன், அரைக்கம்பத்துக் கொடி மாதிரி நெஞ்சுலயே நின்னுடுச்சு. அதுலயும் மைக்குல இருந்த ஹார்லன், பழைய பழக்கத்துல அவன் பேர நம்ம பையன் மாதிரியே இழுத்துப் படிச்சுட்டான். ட்யாஆஆன்டேன்னு. பாதி அரங்கம் கை தட்ட எந்திரிச்சு, அப்புறம் ஞாபகம் வந்து உக்காந்துச்சு.

— நான் உக்காரவும் இல்ல, எந்திரிக்கவும் இல்ல. நெத்திக்கு மேல தூக்கிப் பிடிச்சேன். எந்தப் பக்கம் அவனுக்குத் தெரியணும்னு வீட்லயே பாத்து எடுத்து வச்சிருந்தேன். முழுப் பக்கத்துக்கு ட்ராக்டர் விளம்பரம். உன் முகத்துக்கு இது போதும்னு. என் பக்கம் சாவுச் செய்தி. அவன் பேரு முடியற வரைக்கும் ஒரு எழுத்து விடாம படிச்சேன்.

— யாரு செத்திருந்தாங்க?

— என்ன?

— அந்தப் பக்கத்துல. ஒரு எழுத்து விடாம படிச்சியே, செத்தது யாரு?

— அதெல்லாம் ஞாபகம் வச்சுக்கிட்டு இருப்பாங்களா. ஃபோனப் பாரு நீ.

— இரு இரு. வந்துருச்சு. வீடியோ போட்டிருக்கான். வண்டிக்குள்ள உக்காந்திருக்கான். தாடி விட்டிருக்கான் அக்கா. இளைச்சுட்டான்.

— சத்தத்தக் கூட்டு.

— எனக்கென்ன வந்துச்சுன்னு சொன்ன?

— எனக்கில்ல, உனக்குக் காது மந்தம்னு சொன்னேன். கூட்டு.

— அம்மாவுக்கு நன்றிங்கறான். கோச்சுக்கு நன்றி. போன வருஷம் நிறைய கத்துக்கிட்டேன்ங்கறான். இழுக்குறானே, சொல்லித் தொலையேன்டா. எனக்கு இன்னும் ஒரு வருஷ ஆட்டம்தான் பாக்கிங்கறான், அத எங்க ஆடணும்னா... அக்கா.

— என்ன?

— அக்கா.

— என்னடா, வாயத் திறந்து சொல்லு.

— பெல்மோர்ங்கறான். வீட்டுக்கு வர்றேன்ங்கறான்.

— இன்னொரு தடவை போடு.

— பெல்மோர்தான். கேளு நீயே. ஐயோ அக்கா! வெளிய கேக்குதா? அது ஃபயர் ஸ்டேஷன் சங்கு. பில்லிதான் அடிக்கிறான், வேலை போனாலும் பரவால்லன்னு நேத்தே சொன்னான். வீதில ஒரு வண்டி பாக்கியில்லாம ஹார்ன் அடிக்கிறாங்க. ஜன்னல் வழியா பாரு, மருந்துக்கடைக்காரி நடு ரோட்ல நின்னு போஸ்ட்மேனக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கா. அவங்க ரெண்டு பேரும் பேசி ஒன்பது வருஷமாச்சு.

— ம்.

— சர்ச் மணியும் அடிக்குது. பாதியில எழுந்து போன மனுஷன், இப்ப மணி அடிக்கிறத பாரு. அடுத்த வருஷம் நாம யாரு தெரியுமா? எவன் வந்தாலும் சாத்துவோம். முப்பதுல இருபத்தஞ்சு. எழுதி வச்சுக்கோ. அக்கா, பான்கேக் தீயுது.

— தீயட்டும்.

— என்ன சொன்ன?

— தீயட்டும்னேன். எனக்குக் கொஞ்ச நேரம் உக்காரணும்.

— சந்தோஷமா இருக்குல்ல? ஒத்துக்கோயேன்.

— இருக்கு. நெஞ்சு வெடிச்சுடும்போல இருக்கு, போதுமா? ஆனா அவன் ஊருக்குத்தான் வர்றான் வெர்னா. இந்தக் கடைக்கு வரமாட்டான்.

— ஏன் வரமாட்டான்?

— நம்ம சீட்டு நாலாவது வரிசை. அவன் நின்ன இடத்துல இருந்து இருபது அடி. மத்தவங்க பேப்பர் பிடிச்சது ஒரு ஆட்டக்காரனுக்கு. நான் பிடிச்சது ஒன்பது வயசுல இருந்து சோறு போட்ட முகத்துக்கு. சொல்லாம போனான்னு பதினாலு மாசம் திட்டினேன். ஆனா டிசம்பர்ல இருந்து மனசுக்குள்ள நான் திட்டுறது என்னத்தான். அவன் இனிமே எதிர்ப்பக்கம் நடந்து போவான். நான் இந்த ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு இருக்கணும். எனக்கு அது நல்லா வேணும்.

— அழாத அக்கா. இரு. இந்த வீடியோவத் திரும்பப் பாரு.

— பாத்தாச்சு.

— அவனப் பாக்காத. வண்டிக் கண்ணாடிக்குப் பின்னால பாரு. பச்சையா என்ன தெரியுது?

— குப்பைத்தொட்டி.

— அதுல வெள்ளைப் பெயிண்ட்ல என்ன எழுதியிருக்கு?

— "லோரீ". கடைசி எழுத்து அழிஞ்சுபோச்சு. வெர்னா, அது என் குப்பைத்தொட்டி.

— உன் கடைப் பின்பக்கம்தான். அங்க உக்காந்துதான் பேசியிருக்கான். பின்கதவுல யாரோ தட்டுறாங்க பாரு.

— முட்டை லாரிக்காரனா இருக்கும்.

— சனிக்கிழமை முட்டை லாரி ஏது?

— கதவு திறந்துதான் இருக்கு. அத நான் ஒரு நாளும் உள்ள இருக்கும்போது தாழ் போட்டதில்ல. தட்டுறது யாருன்னு உள்ள வந்து சொல்லுங்க.

— நான்தான் மிஸ் லோரீன், டியான்டே. ஷூவ மிதியடில துடைச்சுட்டேன்.

— ரெண்டையுமா?

— ரெண்டையும்.

— குனிஞ்சு வா. நிலை இடிக்கும். போன வருஷத்துக்கு இன்னும் ரெண்டு அங்குலம் வளந்திருக்க. சாப்பிட்டியா?

— இல்ல. காலைல ஆறு மணில இருந்து வண்டிலயே உக்காந்திருந்தேன்.

— ஆறு மணில இருந்தா? அந்தக் கடைசி ஸ்டூல்ல உக்காரு. இது கருகினது, இத வெர்னன் தின்னுவான். உனக்கு வேற ஊத்துறேன். வெர்னா, மாவு டப்பாவுக்குப் பின்னால துணில சுத்தி ஒரு படம் இருக்கு. எடுத்து அந்த ஆணில மாட்டு.

— தூக்கிப் போட்டேன்னு சொன்னியே அக்கா.

— சொன்னேன். மாட்டு.

— கண்ணாடி கூட துடைச்சு வச்சிருக்க. தூசியே இல்ல.

— மாட்டுன்னா மாட்டு, பேசாம.

— மிஸ் லோரீன், போன தடவை போறதுக்கு முன்னாடி நாளும் இங்கதான் வண்டிய நிறுத்தினேன். சொல்லிட்டுப் போகணும்னு. ஜன்னல்ல நீங்க எனக்குன்னு தட்டு எடுத்து வைக்கிறது தெரிஞ்சுச்சு. உள்ள வந்தா போகமாட்டேன்னு பயந்து ஓடிட்டேன். அது தப்பு. அத நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்.

— தப்புதான். ஆனா நானும் ஒண்ணு சொல்லணும். டிசம்பர்ல நீ...

— இரு அக்கா, நான் முதல்ல கேட்டுக்குறேன். எனக்குத் தல வெடிக்குது. டியான்டே, டெக்சாஸ்ல புது அரங்கம். கடலோரத்துல டிவி, பேரு, எல்லாம். ஆறு மேட்ச் ஜெயிச்ச டீமுக்கு ஏன்டா வந்த? அன்னைக்கு உனக்கு ஊரே பேப்பர் பிடிச்சுச்சே.

— அன்னைக்குத்தான் மிஸ்டர் வெர்னன் முடிவு பண்ணினேன். யார்கிட்டயும் சொல்லல.

— அன்னைக்கா?

— நடுவுல பேசாத வெர்னா. டியான்டே, ஒளிக்க மாட்டேன், நானும் பிடிச்சேன். நெத்திக்கு மேல பிடிச்சேன். உன் பேர் முடியற வரைக்கும் நான் கீழ இறக்கல. உன்ன ஒரு தடவை கூட பாக்காம, உக்காந்து படிச்சுக்கிட்டிருந்தேன்.

— மேல பாக்காதேன்னு எங்க கோச் சொன்னாரு. நான் பாத்தேன் மிஸ் லோரீன். அரங்கம் முழுக்க எல்லாப் பேப்பரும் நேராத்தான் இருந்துச்சு. நாலாவது வரிசைல உங்க பேப்பர் மட்டும் தலைகீழா ஆடிக்கிட்டே இருந்துச்சு, ட்ராக்டரோட நாலு சக்கரமும் கூரையப் பாத்துக்கிட்டு.