இரண்டாவது பிரேக்

வலது ஓரத் தடத்தில் ஊர்ந்துகொண்டு போகிறவர்களைக் கண்டால் எல்லாருக்கும் பற்றிக்கொண்டு வரும். எனக்கு வராது. பாவம், சொல்லிக்கொடுத்தவன் சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன். அது முந்துவதற்கான தடம், முந்தி முடித்ததும் இடப்பக்கம் வந்துவிட வேண்டும் என்பது ஒன்றும் ரகசியமில்லை. தெரிந்தும் வரமாட்டார்கள். சொந்த வீட்டுக் கூடத்தில் கால் நீட்டிப் படுத்ததுபோல அங்கேயே கிடப்பார்கள். பின்னால் வருகிறவன் விளக்கடித்துச் சலித்துப்போய் இடப்பக்கமாகப் புகுந்து முந்துவான். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள்.

ஐயா, நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன். இன்று நானாக வந்து உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் போன விபத்தைப் பற்றிய உங்கள் போலீஸ் அறிக்கைதான். பயிற்சி காரின் பிரேக் பழுதாகியிருக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. பயிற்சி காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிற என் காலடியில் இன்னொன்று. இரண்டையும் நான் தினமும் காலையில் சோதித்துவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுப்பேன். என் பக்கத்துப் பிரேக் கட்டைவிரலால் அழுத்தினாலே பிடிக்கும். தொழிலில் இதுவரை யாரிடமும் நான் ஒரு சொல் கேட்டதில்லை.

எந்தக் காரிலும் கண்ணாடிக்குத் தெரியாத ஓர் இடம் உண்டு, வலது தோளுக்குச் சற்றுப் பின்னால். ஒரு முழு வேன் அங்கே ஒளிந்துகொள்ளும். அதனால் தடம் மாறுவதற்கு முன் கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். பார்க்காமல் திருப்புவார்கள், நான் மிதிப்பேன், "சாரி சார்" என்று அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள். மறுநாளும் அதே கதை. நான் காப்பாற்றக் காப்பாற்ற அவர்கள் கெட்டுக்கொண்டே போனார்கள். இது வெகுநாள் எனக்குப் புரியவில்லை.

வங்கியில் வேலை பார்க்கிற ஓர் அம்மாதான் புரியவைத்தார். அன்று என் கால் மரத்துப்போயிருந்தது. அவர் பார்க்காமல் வலப்பக்கம் ஒதுங்க, நான் மிதிப்பதற்குள் ஒரு பேருந்து எங்களை உரசிவிட்டது. பக்கக் கண்ணாடி பிய்ந்து ஜன்னல் வழியே உள்ளே வந்தது. அவருக்கு மணிக்கட்டு முறிந்தது, கன்னத்தில் தையல். நான் பதறித்தான் போனேன். ஆனால் கட்டுப் பிரித்துவிட்டுத் திரும்ப வந்தாரே, அதன் பிறகு அவர் ஒருமுறைகூடப் பார்க்காமல் திருப்பியதில்லை. வெறும் மைதானத்தில் ஓட்டச் சொன்னாலும் கழுத்து தானாகத் திரும்பியது. நான் வாய் வலிக்கச் சொல்லி நடக்காதது ஒரே அடியில் நடந்துவிட்டது.

அதன் பிறகு எப்போது மிதிப்பது, எப்போது காலை எடுத்துக்கொள்வது என்று நானே முடிவுசெய்தேன். எல்லாருக்கும் இல்லை. சொன்னால் கேட்கிறவர்களுக்கு அது எதற்கு? அடி வலப்பக்கத்திலிருந்து மட்டும் வரும்படி பார்த்துக்கொண்டேன். நான் இடப்பக்கம் உட்காருகிறவன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா? ஒருவருக்கு விலா, ஒருவருக்குத் தோள்பட்டை, ஒருவருக்கு இரண்டு விரல்கள். கற்றுக்கொள்கிறவர்கள் இடித்துக்கொள்வது உலகத்தில் புதிதில்லை என்பதால் யாரும் துருவிக் கேட்கவில்லை. எல்லாரும் இன்று பார்த்து, ஒழுங்காக ஓட்டுகிறார்கள். விரல் போனவர் உரிமம் கிடைத்த அன்று இனிப்புப் பெட்டியோடு என்னைத் தேடி வந்தார்.

பேக்கரிக்காரர் விஷயத்தில்தான் கணக்குத் தப்பிவிட்டது. நல்ல மனிதர், வாய் மட்டும் ஓயாது. வலது ஓரத் தடம் கிடைத்துவிட்டால் போதும், பின்னால் எத்தனை வண்டி தவித்தாலும் அசையமாட்டார். திரும்பிப் பாருங்கள் என்றால் என்னையே கிண்டல் செய்வார்.

"அப்புறம் கண்ணாடி எதுக்கு சார் வச்சிருக்கான்? மூஞ்சி பாத்து மீசை முறுக்கவா? கழுத்து வலிக்குது, விடுங்க."

அன்று அவர் வலப்பக்கம் போக இண்டிகேட்டர் போட்டார். பின்னால் ஏதோ வேகமாக வருவதை என் கண்ணாடியில் பார்த்தேன். வேன் என்று நினைத்துக் காலை எடுத்துக்கொண்டேன். கிட்டே வந்ததும்தான் அது கம்பி ஏற்றிய லாரி என்று தெரிந்தது. அப்போதும் மிதித்திருக்கலாம். ஆனால் பாதியில் நிறுத்தினால் அது என்ன பாடம்? கதவு அவர் மடிவரைக்கும் வந்துவிட்டது. வலது தொடை இருந்த இடத்தில் தகரம் இருந்தது. வாயோரம் ரத்தம் குமிழ் விட, என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தேன் சார். கண்ணாடியில பாத்துட்டுத்தான் திருப்புனேன்."

"கண்ணாடியில பாத்தீங்க. திரும்பிப் பாக்கல" என்றேன்.

புரிந்தது என்பதுபோலத் தலையை ஆட்டினார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் பிடி தளர்ந்துவிட்டது. "கடைசி நேரத்துல நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே அண்ணா" என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் மனசு கேட்கவில்லை. உங்களுக்கு நானே கார் ஓட்டச் சொல்லித் தருகிறேன் என்றேன். இன்னும் வரவில்லை. துக்கம் ஆறியதும் வருவார்.

இனி பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா என்றால் குழந்தையில்லை, என் மகள். படித்து முடித்து, நெடுஞ்சாலையின் மறுகோடியில் இருக்கிற ஓர் அலுவலகத்தில் வேலையும் வாங்கிவிட்டாள். திங்கட்கிழமை முதல் தானே ஓட்டிக்கொண்டு போய் வர வேண்டும். உரிமம் வாங்கியாயிற்று, ஆனால் அதை நம்பி என்ன பயன்? தேர்வு வைக்கிறவர் பக்கத்தில் இருந்தால் யாரும் திரும்பித்தான் பார்ப்பார்கள். என்னோடு ஓட்டும்போது அவள் பாதி நேரம் பார்ப்பதில்லை. கேட்டால் செல்லமாகச் சிரிப்பாள்.

"அதான் பக்கத்துல நீங்க இருக்கீங்கல்லப்பா."

திங்கட்கிழமை பக்கத்து இருக்கையில் யார் இருப்பார்கள்? அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமே இல்லை. என் உயிரே அவள்தான் ஐயா. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் செய்ததை என் பிள்ளைக்குச் செய்யாமல் விட்டால் நான் என்ன அப்பன்?

சனிக்கிழமை பகலில் என் பயிற்சி காரிலேயே கிளம்பினோம். என் மனைவியும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். எனக்குப் பின்னால், இடப்பக்கம் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் இறங்கிச் சுற்றிப் போய் பாப்பாவுக்குப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

"நீங்க முறைக்கிறதுல பிள்ளைக்குக் கை நடுங்குதுங்க. நான் அவ தோள்ல கை வச்சுக்கிறேன்."

"அந்தப் பக்கமே உக்காரு" என்றேன்.

"போங்க, உங்களுக்கு உக்கார்றதுக்குக்கூட ஒரு சட்டம்" என்று சிரித்தாள்.

இரண்டாம் முறை நான் சொல்லவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

கொஞ்ச தூரத்தில் முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பாப்பா இண்டிகேட்டர் போட்டாள். கண்ணாடியைப் பார்த்தாள். அவள் அம்மா காதோரம் ஏதோ சொல்ல, அதற்குச் சிரித்துக்கொண்டே வலப்பக்கம் திருப்பினாள். கழுத்து திரும்பவில்லை. கண்ணாடிக்குத் தெரியாத அந்த இடத்தில்தான் ஒரு பால் வேன் இருந்தது. நான் இரண்டு கால்களையும் இருக்கைக்கு அடியில் மடக்கிக்கொண்டேன்.

"அப்பா, பிரேக்" என்றாள்.

சொல்லிவிட்டுக் குனிந்து என் காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஓட்டும்போது கண் சாலையில் இருக்க வேண்டும். அது அவள் செய்த இரண்டாவது தவறு.

வேன் வலப்பக்கப் பின்கதவில் மோதியது. கார் சுழன்று நடுச்சுவரில் அடித்து, திரும்பவும் வேனுக்கே போனது. பாப்பாவுக்கு இடுப்பெலும்பும் வலது காலும் நொறுங்கின. என் மனைவியின் கை மட்டும் அவள் தோளில் வைத்தபடி இருந்தது. தீயணைப்புக்காரர் ஒருவர் அதை எடுத்துத் துணியில் சுற்றினார். மற்றதைத் தகரத்தை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. எனக்கு நெற்றியில் ஒரு கீறல்.

எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். காலையில் இரண்டு பேருக்குக் காப்பி கலந்துவிட்டு, ஒன்றைக் கொட்டுகிறேன். ஆனால் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தால் அவள் இன்று இருந்திருப்பாள். சொன்னதைக் கேட்காததுதான் எல்லாவற்றுக்கும் காரணம், இதை நான் எத்தனை பேரிடம் பார்த்துவிட்டேன்.

ஆக, பிரேக்கில் பழுது எதுவும் இல்லை. நான் மிதிக்கவில்லை. பேக்கரிக்காரருக்கும் மிதிக்கவில்லை, என் மனைவி இருந்தபோதும் மிதிக்கவில்லை. அறிக்கையில் அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.

நேற்று மருத்துவமனைக்குப் போயிருந்தேன். நர்ஸ் பாப்பாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வராந்தாவுக்குக் கொண்டுவந்தார். நான் வாங்கித் தள்ளினேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதிர்ச்சி, தெளிய நாளாகும் என்றார்கள். ஆனால் வராந்தாவின் கோடிவரைக்கும் அவள் கழுத்து சும்மா இல்லை ஐயா. அத்தனை வலியிலும், தோளுக்கு மேலாகத் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். என் கையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், மறுபடி என் கையைப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை, தானாக. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி அவளைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை.