இடப்பக்கம் வெட்டிய கான்

வெளியே முற்றத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன், துபாசி ஐயா. மரநிழல் விழுகிற பக்கமெல்லாம் பாசி ஏறியிருக்கிறது. யாரோ மண்வெட்டியால் சுரண்டியும் பார்த்திருக்கிறார்கள். சுரண்டினால் பாசி போகாது. அடியில் தண்ணீர் நிற்கிறவரை அது திரும்பத் திரும்ப வரும்.

நீங்கள் புல்லைப் பற்றிக் கேட்கவில்லை என்பது தெரியும். கூலியாட்கள் குடியிருக்கிற கீழ் லயத்தில் செத்தவர்களைப் பற்றிக் கேட்கத்தான் என்னை மடுல்கெல்லயிலிருந்து பன்வில வழியாகக் கண்டிவரை நடத்திக் கூட்டிவந்தீர்கள். ஆனால் புல்லிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும். விசாரிக்கிற துரைமாருக்கு அப்படியே மாற்றிச் சொல்லுங்கள். எனக்காக எதையும் குறைக்க வேண்டாம். நான் எதையும் மறுக்கப் போவதில்லை, யார் காலிலும் விழப் போவதுமில்லை.

என் பெயர் பெரியதம்பி. கோப்பித் தோட்டத்தில் இருந்தாலும் கோப்பிச் செடியில் நான் கை வைத்ததில்லை. பங்களாவைச் சுற்றியுள்ள பூவும் புல்லும்தான் என் பொறுப்பு. பங்களாவுக்கு முன்னால் பெரிய காட்டு மரங்களை நிழலுக்கென்று விட்டுவைத்திருந்தார்கள். கீழே களிமண். மழை பெய்தால் சட்டியில் நிற்பது மாதிரித் தண்ணீர் நிற்கும். அங்கே புல் என்று சொல்லிக்கொண்டிருந்தது பாதி பாசி, மீதி சேறு.

எங்கள் தோட்டத்துத் துரையைக் கட்டிக்கொள்ளப் போகிற துரைசாணி தை மாதம் சீமையிலிருந்து வருவதாக இருந்தது. அவள் வீட்டு வாசலில் இருக்கிற மாதிரிப் புல்வெளி வேண்டும் என்றார் துரை. அதைக் கேட்டுத் தோட்டமே சிரித்தது. கணக்கப்பிள்ளை பொன்னுத்துரை வழியில் நிறுத்திக் கேட்டார்.

"என்ன பெரியதம்பி, சேத்துல கம்பளம் விரிக்கப் போறீராம்?"

"விரிச்ச பொறகு மிதிக்காம சுத்திப் போங்க ஐயா" என்றேன்.

எனக்குக் கோபம்தான். சிரித்த வாயெல்லாம் மூட வேண்டும் என்று நினைத்தேன். அதிலென்ன தப்பு?

தாழ்ந்த கிளைகளை வெட்டி வெளிச்சம் விட்டேன். பாசியை வாரிக் கொளுத்தினேன். இரும்பு அலவாங்கால், கடப்பாரையால், தரை முழுக்கக் குத்தித் துளை போட்டு, ஆற்று மணலை நிரப்பினேன். மண்ணின் புளிப்புப் போகச் சுண்ணாம்பு தூவினேன். அறுகு நிழலில் நிற்காது. காட்டோரத்தில் மர நிழலிலேயே வளர்கிற அகல இலைப் புல்லை மண்ணோடு பெயர்த்து வந்து பதித்தேன். மாட்டுப்பட்டிச் சாணியைக் கரைத்து ஊற்றினேன். அவ்வளவும் செய்து, தண்ணீருக்கு வழி விடாவிட்டால் எல்லாம் அழுகிப் போயிருக்கும். அதனால் தண்ணீர் வடிகிற வாய்க்காலாக ஒரு கான் வெட்ட வேண்டியிருந்தது.

கானை இரண்டு பக்கம் விடலாம். வலப்பக்கம் விட்டால் மேல்பீலி ஊற்றில் போய் விழும். இடப்பக்கம் விட்டால் கீழ்பீலி ஊற்றில். மூங்கிலைப் பிளந்து ஊற்றுத் தண்ணீர் வந்து விழும்படி வைத்திருப்பதைத்தான் நாங்கள் பீலி என்போம். மேல்பீலி எங்கள் சாதிக்காரர்களுக்கு. கீழ்பீலி கீழ் லயத்தாருக்கு. அவர்கள் எங்கள் பீலியைத் தொடக் கூடாது. ஊரை விட்டுக் கப்பலேறியபோது எதையெதையோ விட்டுவிட்டு வந்தோம். இதை மட்டும் விடவில்லை.

இடப்பக்கம்தான் என்றேன். வெட்டினவன் கீழ் லயத்துச் சின்னமுத்து. நல்ல வேலைக்காரன், அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். பாதி வெட்டியதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"சாமி, இந்தத் தண்ணி எங்க பீலிக்குல்ல எறங்குது. சாணித் தண்ணி, அப்புவோட கக்கூசுக் குழி ஊறல், எல்லாம் சேந்துல்ல வரும்."

அப்பு என்பது பங்களாச் சமையற்காரன். அவன் குழி புல்வெளியின் மேல் ஓரத்தில் இருந்தது. கான் அதை ஒட்டித்தான் போயாக வேண்டும்.

"ஒன்னய வெட்டத்தானே சொன்னேன்? வெட்டு" என்றேன். வெட்டினான்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. புல் வேர் பிடித்துப் பச்சென்று எழுந்தது. பொன்னுத்துரை வந்து பார்த்துவிட்டுப் புல்லை மிதிக்காமல் சுற்றிப் போனார். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்? கலியாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அதே மழையில் கண்டிக்குச் சாமான் வாங்கப் போய் வந்த அப்புவுக்கு வாந்திபேதி கண்டது. அவன் பிழைத்துக்கொண்டான். அந்த நாளெல்லாம் அவன் குழியை ஒட்டி என் கான் ஓடியது. எனக்குத் தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்பவும் கூடும். தெரியும். கீழ்பீலித் தண்ணீர் பழுப்பாக விழுந்ததையும் கண்ணால் பார்த்தேன்.

பிறகு கீழ் லயத்தில் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். சின்னமுத்துவும் படுத்தான். அவன் பெண்சாதி அங்கம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு மேல்பீலிக்கு வந்தாள். வழக்கம் தெரிந்தவள், கிட்டே வரவில்லை. குடத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"நான் தொட மாட்டேன் சாமி. நீங்களே புடிச்சு ஊத்துங்க. அந்த மனுசனுக்கு நாக்கு வறண்டு கெடக்கு."

அப்படி ஊற்றுவது வழக்கத்தில் உண்டு. எட்ட நின்று எங்கள் குடத்திலிருந்து அவர்கள் குடத்தில் விட்டால் ஒரு தீட்டும் இல்லை. என் மனைவி பரிமளம் ஊற்றப் போனாள். நான்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். ஒரு குடம் ஊற்றினால் கீழ்பீலி கெட்டுவிட்டது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். லயம் முழுக்கக் குடத்தோடு வரும். துரை காதுக்குப் போகும். கானை அடைக்கச் சொல்வார். தை பிறப்பதற்குள் புல் அழுகிப் பாசி ஏறிவிடும். இதெல்லாம் யோசித்துத்தான் செய்தேன், ஆத்திரத்தில் செய்யவில்லை.

"ஒங்க பீலியிலதான் தண்ணி கொட்டுதே" என்றேன்.

"அத நீங்க ஒரு வாய் குடிப்பீகளா சாமி?" என்று கேட்டாள்.

என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு வெறுங்குடத்தோடு இறங்கிப் போனாள். பொழுது சாயும்போது சின்னமுத்து செத்தான். அந்த வாரத்திலேயே அங்கம்மாவும். மார்கழி முடிவதற்குள் கீழ் லயத்தில் பாதி வீடுகளில் விளக்கேற்ற ஆளில்லை. பரிமளம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இப்போதும் பேசுவதில்லை.

துரைசாணி தையில் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அந்தப் புல்லில் நடந்தாள். நடந்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். இப்போது துரை தமக்கு ஒன்றும் தெரியாது என்கிறாராம். சொல்லட்டும், அது உண்மைதான். அவர் புல் கேட்டார், நான் கொடுத்தேன். நாளைக்கே வேறொரு துரை இதே வேலையைக் கொடுத்தாலும் இதே மாதிரித்தான் செய்வேன். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

கானை வலப்பக்கம் வெட்டியிருக்கலாமே என்று இங்கே விசாரிக்கிற துரை கேட்கிறார், இல்லையா? அவர் நம் ஊர் வழக்கம் தெரியாதவர். நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள் ஐயா. வலப்பக்கம் இருப்பது மேல்பீலி. நான் எவ்வளவு பொல்லாதவனாக இருந்தாலும், மனுசர் குடிக்கிற தண்ணீரில் கொண்டுபோய் அதை விடுவேனா?